மாப்பிள்ளை ஏறிய கூரையில்லாக் கார்

பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை மெல்பேர்னின் ட்ருகனினா புறநகரில் என் வீட்டுக் கராஜில் நானே பூட்டிச் செய்த கார் அது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. அக்கா மகனின் கலியாணத்துக்கு அதுதான் மாப்பிள்ளைக் கார் என்று அடம்பிடித்தவனும் நானே. ஆனி மாத முகூர்த்தம், மெல்பேர்னில் நடுக்குளிர்.

"தம்பி, வானம் இருட்டிக்கொண்டு வருது," என்றாள் அக்கா.

"ஓடிக்கொண்டிருந்தா ஒரு துளியும் உள்ளுக்கு விழாதக்கா. காத்தே தள்ளிப்போடும்."

வேகமாக ஓடினால் அது உண்மைதான். ஆனால் மாப்பிள்ளைக் கார் வேகமாக ஓடாது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. பின்னால் வந்த சொந்தக்காரரின் கார்களைத் தவறவிடாமல் ஊர்ந்துகொண்டே போனோம். மண்டப வாசலில் நாதஸ்வரம் முழங்க, பெண் வீட்டார் ஆரத்தியோடு வரும்வரை காருக்குள்ளேயே காத்திருந்தோம். மழை நேராக எங்கள் மடியில் கொட்டியது. மருமகனின் தலைப்பாகையிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டியது. ஒரு குடை கொண்டுவரக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வழக்கப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவ, பெண்ணின் தம்பி செம்பும் தண்ணீருமாக வந்து குனிந்தான். மருமகன் காரிலிருந்து இறங்கிக் காலைத் தூக்கினான். காருக்குள் தேங்கி ஊறிய தண்ணீர் பட்டு வேட்டியிலிருந்து ஒழுகியது.

"மாமா ஏற்கெனவே கழுவிப்போட்டார்," என்றான் மருமகன், பல் கிடுகிடுக்க.

வாசலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கலியாணத்துக்கென்று எடுத்த பட்டுச் சேலையின் முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் அவள் திரும்பவேயில்லை.