முக்கச் சொன்னபோது

மகன் பிறந்தபோது எனக்குச் சரியாக முக்க வராமல் போனது முதுகில் போட்ட ஊசியாலா, என்னாலா? இரண்டு வருடமாகியும் பதில் தெரியவில்லை.

தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டிலிருந்து ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். கணவர் ராணுவத்தில், லீவு கிடைக்கவில்லை. காலை பத்து மணிக்கு வலி கூடியதும், வலி தெரியாமலிருக்க எபிடியூரல் போடவா என்று டாக்டர் கேட்டார். என் கையெழுத்து போதும். படிவத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, “அத்தை வந்துரட்டும்” என்றேன்.

அம்மாவும் அதையே சொன்னாள். “முதுகுல ஊசின்னா சம்பந்தியம்மாட்ட ஒரு வார்த்தை கேக்கணும். பொறவு நம்மளச் சொல்லுவாவ.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாமியார், எனக்காக வேண்டிக்கொண்டு ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்ற பெயரில் இருக்கும் குன்றுக்கோயிலில் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. ஒரு மணிக்குத் துளசிப் பிரசாதத்தோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும், “ஏட்டி, வலி ஒனக்கு. இதுக்கு என்னைய எதுக்குக் கேக்க? போடச் சொல்லு” என்றார்.

ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் வலி அடங்கியது. தூங்கியும் விட்டேன். எழுப்பி முக்கச் சொன்னபோது உள்ளிருந்து எந்த உந்துதலும் இல்லை. நர்ஸ் என் வயிற்றில் கை வைத்து, “இப்ப இறுகுது, இப்ப” என்று சொல்லச் சொல்ல முக்கினேன். “யக்கா, மூஞ்சியில முக்காதீய, கீழ முக்குங்க!” ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கடைசியில் தலையில் வாக்குவம் கருவியை வைத்து இழுத்து எடுத்தார்கள். மகனின் தலையில் இருந்த வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது.

“ஊசி போட்டா கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம். ஒங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். முதலிலேயே போட்டிருந்தால் என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாது என்றார்.

இப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். அந்தப் படிவம் மறுபடி வரும். அத்தைக்காகக் காத்திருந்த மூன்று மணி நேர வலி நன்றாக நினைவிருக்கிறது. அதனால் வேண்டாமென்று சொல்லத் துணிவில்லை. வேண்டுமென்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஒரு பிள்ளையை ஊசியோடும் ஒரு பிள்ளையை ஊசியில்லாமலும் பெற்றவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். முக்க வேண்டிய நேரம் உங்களுக்குத் தானாகத் தெரிந்ததா? நான் எதைக் கேட்கட்டும்?