கொல்லிமலையில் லாக் நிற்காத லேசர்

காலை டீ முடிந்து வந்து உட்கார்ந்ததும் லேசரின் லாக் விட்டுப்போனது. மறுபடி பிடித்தேன், மறுபடி விட்டது. போன மாதம் நடந்தது.

எங்கள் கருவி புவியீர்ப்பை அளப்பது. ரூபிடியம் அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்து, குழாய்க்குள் விழவிட்டு, விழும் விதத்தை அதே ஒளியால் அளக்கிறோம். லேசரின் நிறம் அந்த அணுவுக்கான நிறத்தில் இம்மியும் பிசகாமல் நிற்க வேண்டும். அதுதான் லாக். சூடு ஏறினால் நிறம் நகர்ந்துவிடும்.

அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், நன்றாகவே அளந்தது. மலையேறி, குண்டனி நாடு என்ற மலை ஊர்ப்பகுதியில் பூவாயி அக்கா வீட்டு உள்ளறையில் இறக்கியிருந்தோம். காலடி அதிர்வே கணக்கைக் கெடுக்கும் என்பதால் அறையைச் சாத்திவிட்டு வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தோம். திரையில் லேசரின் சூடு ஏறிக்கொண்டே போனது.

"கூலர் போச்சு மேடம். கொண்டை ஊசி பெண்டுல வண்டி ஆடுன ஆட்டம் அப்படி," என்றார் எங்கள் குழுத் தலைவர். "மாத்து கூலரும் இல்ல. மதியத்துக்குள்ள சரியாகலன்னா கீழ இறக்கிடுவோம். இது லேபுக்குத்தான் லாயக்குன்னு எழுதிக் குடுத்துடறேன்."

லேபை விட்டு அது வெளியே வந்த முதல் பயணம். அப்படி எழுதிவிட்டால் இன்னொரு பயணம் கிடையாது.

ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போனேன். லேசர் பெட்டியையே காணோம். கனத்த கம்பளி ஒன்று அதை நாலு பக்கமும் செருகிப் போர்த்தியிருந்தது, ஃபேன் வாயையும் சேர்த்து.

"அக்கா, இதை யாரு போர்த்துனது?"

"நாந்தானுங்க," என்றார் பூவாயி அக்கா. "நேத்து நீங்கதானுங்களே குளிரு தாங்குமா, குளிரு தாங்குமான்னு பெட்டியவே சுத்திச் சுத்தி வந்தீங்க. காலைல நீங்க டீ குடிக்கப் போனப்ப போர்த்தி உட்டேன்."

தலைவர் சிரிப்பை அடக்கவில்லை. "மேடம், உங்க பசங்க மங்கி குல்லா போட்டுத்தான் ஸ்கூல் போனாங்களோ?"

"ஆமா சார். சேலம் வெயில்லயும்."

கம்பளியை உருவினேன். சூடு இறங்கியது, லாக் நின்றது. மதியத்துக்குள் அளவு வந்துவிட்டது. திரையில் அலையலையாக வந்த கோட்டை அக்காவுக்குக் காட்டினேன்.

"இதுக்குத்தான் இத்தன பாடுங்களா?" என்றார்.

தலைவர் அடுத்த மலைக்கு வண்டி பேசச் சொன்னார்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கருவியை ஒரு வீட்டில் வைத்தால் அது எப்படி மூச்சுவிடும் என்பதையும் அந்த வீட்டாருக்குச் சொல்லுங்கள். பயத்தை மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கேட்டவர் அக்கறையுள்ளவராக இருந்துவிடக்கூடும்.