ஜோடி விண்ணப்பத்துக்கு வராத பதில்

உருவாக்கியவரே விடுவிக்க வேண்டும். டெல்பி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இதுதான் முதல் விதி. கணினி நினைவகத்தில் ஓர் ஆப்ஜெக்டை, அதாவது விவரங்களைப் போட்டுவைக்கும் ஒரு பெட்டியை, நீங்கள் உண்டாக்கினால், வேலை முடிந்ததும் நீங்களே அதை அழித்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதி பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று.

நான் டெல்பி கற்றுக்கொண்டதே எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தின் மொட்டைமாடிக்காகத்தான். விசேஷம் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு லிஃப்டில் சண்டை போட்டார்கள். ஆகவே கைபேசியில் விண்ணப்பம் வாங்கி, ஜேசன் என்ற கணினித் தகவல் வடிவத்தில் பதில் அனுப்பும் சர்வர் ஒன்றை எழுதினேன். கூடவே சங்கத்துக்கு விதிகளும் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது விதி: சர்வர் தரும் ஒப்புகை எண் இல்லாமல் மாடி கிடையாது, கையால் எழுதிய சீட்டு செல்லாது.

மூன்றாம் மாடி அம்மையார் வேறொரு அலுவலகத்தின் ஆவண அறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தார். மாப்பிள்ளை, எங்கள் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்ட வரும் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அந்த மோட்டார் ஏன் மாதம் இரண்டு தரம் பழுதாயிற்று என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

வரவேற்புக்காக இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினார்கள். சர்வர் 'அக்சஸ் வயலேஷன்', அதாவது தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டேன், என்று முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. வெள்ளி மாலைக்குள் ஒப்புகை எண் வராவிட்டால், விதிப்படி மாடி வரிசையில் அடுத்திருக்கும் சிரிப்பு மன்றத்துக்குப் போய்விடும்.

சோதித்துப் பார்த்தேன். ஒருவர் பெயரில் அனுப்பினால் பதில் ஓடி வந்தது. இரண்டு பெயர் என்றால் விழுந்தது.

"இன்னா சார், ஒண்டிக்கட்டைன்னா எடுத்துக்குது, ஜோடின்னா மயக்கம் போடுது. யார் சொல்லிக் குடுத்தது இதுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க பேர்ல மட்டும் அனுப்பிடுங்களேன், மேடம்," என்றேன்.

"தனியா எத்தனையோ ஃபாரம் நிரப்பியாச்சு, சார். இதுல ரெண்டு பேர் இருக்கணும்," என்றார் அம்மையார்.

வியாழக்கிழமை காலை இருவரும் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தற்காப்புக்காக நிரலை வரிவரியாக விளக்கினேன்.

"பதிலுக்கு ஒரு பெரிய ஆப்ஜெக்ட். ரெண்டாவது பேர் இருந்தா மட்டும், மாப்பிள்ளை விவரத்துக்கு ஒரு சின்ன ஆப்ஜெக்ட். சின்னதைப் பெரிசுல சேர்த்தேன். சேர்த்ததும் சின்னதை விடுவிச்சுட்டேன்."

"சேர்த்ததை எதுக்கு அழிச்சீங்க?"

"உருவாக்கினது நான் ஆச்சே, மேடம். விதி."

அவர் என்னை ஒரு கடைநிலை எழுத்தரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒரு கோப்பை இன்னொரு கோப்போட இணைச்சுட்டா, அப்புறம் அது யார் பொறுப்பு, சூப்ரெண்டு சார்?"

இணைத்த கோப்பு பெரிய கோப்போடு போகும், அதோடு வரும், அதோடு அழியும். இதைச் சுற்றறிக்கையாக அனுப்பி, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியவன் நான். டெல்பியிலும் அதே முறைதான். சேர்த்த கணமே சின்னது பெரியதன் பொறுப்பு. பெரியதை விடுவித்தால் இரண்டும் போகும். நானோ உள்ளே வைத்த மாப்பிள்ளையை அழித்துவிட்டு, அவர் இன்னும் அங்கேயே இருப்பதாக நம்பி, பதிலில் அவரையும் எழுதி அனுப்பு என்று சர்வரிடம் சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை நெஞ்சில் கைவைத்தார். "அப்போ நாலு நாளா என்னியத்தான் சாவடிச்சிக்கினு இருந்தியா சார்?"

அம்மையார் சிரிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து நான். விக்கல் வரும்வரை சிரித்தோம். சிரிப்பு மன்றம் கேட்டிருந்தால் எங்களுக்கு ஆயுள் உறுப்பினர் பதவியே கொடுத்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னதை விடுவிக்கும் அந்த ஒரு வரியை நீக்கினேன். சர்வரை மறுபடி ஓடவிட்டேன். அம்மையார் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

கைபேசி கிணுகிணுத்தது. அவர் உரக்கப் படித்தார்: "மொட்டைமாடி ஒதுக்கப்பட்டது. விண்ணப்பதாரர்கள், இருவர்." பிறகு ஒப்புகை எண். அதற்குக் கீழே ஒப்புகை தந்த நாள், தமிழ்த் தேதிதான் போட வேண்டும் என்ற என் ஒன்பதாவது விதிப்படி: ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை.