பிளாக் எங்கே இருக்கிறது?

ஒயரை மாட்டி, அசையாமல் படுங்கள் என்று சொல்வதோடு ஈ.சி.ஜி. எடுப்பவளின் வேலை முடிந்துவிடும். பேப்பரில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. குடியிருப்பு முழுக்க முதல் பிளாக், இரண்டாவது பிளாக் என்று நம்பர் போட்டிருக்கும் நெய்வேலியில், நான் இருக்கும் சிறிய மருத்துவமனையில் இப்போது அந்தப் பேப்பரை செல்போனில் படம் எடுத்தால் ஏ.ஐ.யும் படித்துச் சொல்கிறது. இரண்டு மேலதிகாரிகளுக்குக் கீழே மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

எந்த பிளாக்?

ஏ.ஐ. வந்த புதிதில், மைன்ஸில் ஷிப்ட் முடித்த ஒருவர் தானே பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இருக்கிறது என்றார். மாரடைப்பு, அவசரம் என்று போனில் சிவப்பாக வந்தது. டாக்டரம்மாவும் அதையே சொன்னார். எனக்கு நிம்மதி. மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, பெரிய பிளாக் இருக்கிறது, பாண்டிச்சேரி போகணும் என்றேன். ஆள் பிழைத்துவிட்டார், அதனால்தான் இதை எழுத முடிகிறது. அன்றைக்கு அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னது: "பதினாறாவது பிளாக்குங்க. வீடு பூட்டிக் கெடக்கு, பக்கத்து வீட்ல சொல்லிடுங்க."

என்ன வேலை?

குறிஞ்சிப்பாடியிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் ஒருவரை அவர் மனைவி கூட்டிவந்தார். வாந்தி, தாடையில் வலி. பேப்பரைப் பார்த்த டாக்டரம்மா, மாரடைப்பு என்று சொல்லும்படி இல்லையே என்றார். ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றது ஏ.ஐ. ஒயரை மாற்றி மாட்டிவிட்டேனோ என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டி மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே சிவப்பு. என் கண்ணுக்கு இரண்டு பேப்பரும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

டாக்டரம்மா இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்குத் தெரியல. தெரியாதப்ப இவர இங்க வச்சிருக்கக் கூடாது" என்று சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

பாண்டிச்சேரியில் பார்த்தபோது குழாய் முழுசாக அடைத்திருந்ததாம், திறந்துவிட்டார்கள். பிறகு அவர் மனைவி வந்து, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். ஏ.ஐ. என்றேன். டாக்டருக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றார். எனக்கும் தெரியாது என்றேன். அடுத்து அவர் கேட்டது: "அவுரு இங்க பர்மனென்டுங்களா, எங்க வூட்டுக்காரரு மாதிரி கான்ட்ராக்டுங்களா?"

ஏறலாமா?

அதற்குப் பிறகு நான் ஏ.ஐ. பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்போது ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் நெஞ்செரிச்சல் என்று வந்தார். போனில் சிவப்பு. டாக்டரம்மாவுக்குச் சந்தேகம்தான், ஆனாலும் அனுப்பிவைத்தார். குழாயெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று பாண்டிச்சேரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தவருக்கு இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

பல வருஷத்து பிரஷரால் இதயத் தசை தடித்துவிட்டது, அதனால் கோடு அப்படி வரும், பயம் வேண்டாம் என்று டாக்டரம்மா விளக்கினார். வாத்தியார் அவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அங்க இல்லங்கறாங்க, இது இருக்குங்குது. என்னுது மாடி வீடும்மா. ஏறலாமா வேணாமா, யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

ஆட்கள் பிழைத்துப் போகிறார்கள், அதில் சந்தேகமில்லை. யாரை நம்பி ஒயரை மாட்டுவது என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை.