மச்சான் மாற்றாத பிளேட்

ஆத்தூரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த லாரி, வழியில் ஒரு மேட்டில் நின்றுபோயிற்று. எஞ்சின் அலறியது, வண்டி ஏறவில்லை. பின்னால் ஆட்களோடு ஒரு பஸ். மயில்சாமி பிரேக்கை மிதித்துப் பிடித்தும் லாரி இரண்டு முழம் பின்னால் உருண்டுதான் நின்றது.

கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. கிளட்ச் போய்விட்டது. பத்து நாளைக்கு முன்புதான் அதற்குப் புதுப் பிளேட்டை அவனே சேலத்தில் வாங்கி, திருச்செங்கோட்டில் பட்டறை வைத்திருந்த மச்சான் கந்தப்பன் கையில் மாட்டக் கொடுத்திருந்தான். மனைவி சென்னியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன்.

லாரியைக் கட்டியிழுத்து வந்து வீட்டுக் களத்தில் நிறுத்தினான். திரும்பவும் பட்டறைப் படி ஏற மனம் ஒப்பவில்லை. தானே ஜாக்கியும் பலகையும் முட்டுக் கொடுத்து கியர் பாக்ஸை இறக்கினான். சென்னியம்மாள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இருந்தது பழைய பிளேட். ஓரத்துக் கீறல்கூட அப்படியே. தேய்ந்து ரிவிட் தலை பல்லிளித்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மறுபடி மாட்டியிருந்தான் பாவி.

மயில்சாமி பிளேட்டை மனைவியிடம் நீட்டினான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் வேறு பிளேட் வாங்கிவந்து, வேப்பங்கொம்பைச் செதுக்கி நடுவில் செருகி, பிளேட்டை நேராக நிறுத்தி போல்ட்டை முடுக்கினான். கியர் பாக்ஸைத் தூக்கிச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்று முறை பாக்ஸின் தண்டு பிளேட்டின் நடுவே நுழையாமல் முட்டி நின்றது. நான்காம் முறை பாதிப் பாரம் அவன் முழங்காலில் இருந்தபோது கந்தப்பன் புல்லட்டில் வந்து இறங்கினான். யாரும் கூப்பிடாமலே அடியில் நுழைந்து படுத்தான். வெற்றிலை நெடி மயில்சாமியின் முகத்தில் அடித்தது. போடா என்று தள்ளிவிடவும் வழியில்லை. விட்டால் பாக்ஸ் காலை முறித்துவிடும். கந்தப்பன் தண்டை அரை விரற்கடை திருப்பினான். பாக்ஸ் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இத்தனை தெரிந்த கை இந்தக் காரியத்தையா செய்தது என்று எண்ணியபடியே மயில்சாமி போல்ட்டுகளை முடுக்கினான்.

வெளியே வந்ததும் சென்னியம்மாள் பழைய பிளேட்டை அண்ணன் முன் வைத்தாள்.

“புதுசு எங்கீங்ண்ணா?”

“சங்ககிரிக்காரரு ஒருத்தரு அவசரம்னு வந்து நின்னாரு சாமி, அவருக்குப் போட்டுட்டேன். மாப்பிள்ளை நம்ம ஆளுதானே, பதினஞ்சு நாள் ஓட்டட்டும், அப்பறம் மாத்திக்கலாம்னு இருந்தேன்.”

“பஸ்ஸு மேல உருண்டிருந்தா?” என்றான் மயில்சாமி.

கந்தப்பன் சிரித்து மழுப்பினான். கை கழுவத் தண்ணீர் கேட்டான்.

“ஆத்துல போயி கழுவிக்குங்க,” என்றாள் சென்னியம்மாள்.

அந்த வருஷம் ஆடி நோம்பிக்கு அவள் பிறந்த ஊட்டுக்குப் போகவில்லை. கிளட்ச் மட்டும் நான்கு வருஷம் தொந்தரவில்லாமல் ஓடியது. அடுத்த தடவை பாக்ஸ் இறக்கியபோது, ராசிபுரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவனைக் கூலிக்கு அழைத்து வந்தான்.