வெள்ளிக்கிழமை முடிஞ்ச விண்ணப்பம்

ஒரு மனுசன் வாயால சொன்னதை நம்பி ஆராவது பியானோவை விப்பினமோ? நான் வித்தனான். அதுவும் செக் நாட்டில ஒரு ஒப்பெராத் தலைவர் சொன்ன வாக்கை நம்பி.

அங்க ஒரு சின்ன நகரத்துத் தியேட்டரில பத்து மாதம் ஒத்திகைப் பியானோ வாசிச்சனான். பாடகர்மாரோட ஒரு அறைக்குள்ள இருந்து, அவை பிழை விடுற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சுக் குடுக்கவேணும். மேடையில ஒருத்தரும் உங்களைக் காணமாட்டினம். ஆனா அந்த நாட்டில ஓர்கெஸ்ட்ரா நடத்துற கனபேர் இந்தக் கதிரையில இருந்துதான் எழும்பினவை. முதல் பியானோ, பிறகு இரண்டாவது நடத்துநர், அதுக்குப் பிறகு ஒப்பெராத் தலைவர். எங்கட தலைவரும் அப்பிடித்தான் படிப்படியா வந்தவர். "அடுத்த சீசன் இரண்டாவது நடத்துநர் நீங்கள்தான், போய் விசா அலுவலை முடிச்சுக்கொண்டு வாங்கோ" எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னார். நான் சிட்னியில எங்கட வீடு இருக்கிற வென்ட்வேர்த்விலுக்கு வந்து, அம்மா கத்தக் கத்த பியானோவை வித்துப்போட்டு, பெட்டி அடுக்கினன்.

அந்தத் தியேட்டரில ஒப்பெரா, நாடகம், பாலே மூண்டும் ஒரே கூரைக்குக் கீழ. எல்லாத்துக்கும் மேல ஒரு பணிப்பாளர். அவரை நியமிக்கிறது நகரசபை. நகரசபைத் தேர்தல் வந்துது, ஆக்கள் மாறிச்சினம், பணிப்பாளரும் மாறினார். புதுசா வந்தவர் நாடகக்காரர். தன்ர ஆக்களோட வந்து இறங்கினார். எங்கட தலைவர் வெளியில. என்ர இடமும் போச்சு. இதை எனக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் இல்லை! தலைவருக்கு நாலு ஈமெயில் போட்டும் பதில் இல்லாமல், தியேட்டர் வலைத்தளத்தில வேற ஆளின்ர படத்தைப் பாத்துத்தான் அறிஞ்சனான்.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனால் அன்ரிமார் விடமாட்டினம். "என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையோ?" சாமி கும்பிட வந்த எனக்குப் பத்திக்கொண்டு வரும். அம்மா பியானோ இருந்த இடத்தில ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து வச்சா, அவ்வளவுதான். அதைப் பாக்கப் பாக்க எனக்கு விசர் வந்துது.

அப்பதான் இங்க ஒரு அமெச்சூர் ஓர்கெஸ்ட்ராவுக்கு நடத்துநர் வேணுமெண்டு அறிவித்தல் வந்துது. கிழமைக்கு ஒரு ஒத்திகை, வருசத்துக்கு நாலு கச்சேரி. சின்ன இடம்தான், ஆனா முன்னுக்கு நிண்டு நடத்தலாம். உடன விண்ணப்பிச்சன். முடிவுத் திகதி வெள்ளிக்கிழமை.

அதே கிழமை, புதன்கிழமை, போன் வருது. தலைவர்! சிட்னியில நிக்கிறாராம், சந்திக்கலாமோ எண்டு கேக்கிறார்.

அண்டைக்கே ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். மனதுக்குள்ள சண்டைக்கு எல்லாம் அடுக்கி வச்சிருந்தன். கொத்துரொட்டி வர முதலே கொட்டித் தீத்தன். "ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரேல்லையோ? நான் பியானோவை வித்துப்போட்டு இருக்கிறன்!" மனுசன் தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "வெக்கமா இருந்தது. அதுதான் எழுதேல்லை," எண்டார். அதைக் கேட்க இன்னும் கோபம் வந்துது. உங்கட வெக்கத்துக்கு நானோ பலி?

பிறகு தன்ர கதையைச் சொன்னார். மகள் மெல்பேர்னில இருக்கிறாவாம். இஞ்ச நிரந்தரமா இருக்க விசா வந்திட்டுதாம். அங்க ஐம்பத்தெட்டு வயசுக்காரரை ஒரு தியேட்டரும் கூப்பிடுதில்லையாம். "இங்க எங்கயாவது இடம் இருக்கோ? சின்ன ஓர்கெஸ்ட்ரா எண்டாலும் பரவாயில்லை. சிட்னி எண்டாலும் வருவன்."

"அப்பிடி ஒண்டும் நான் கேள்விப்படேல்லை," எண்டன். நாக்கூசாமல் சொன்னன்.

சனிக்கிழமை மெல்பேர்னுக்குத் திரும்பிப் போக அவரை விமான நிலையத்துக்கு ஏத்திக்கொண்டு போகேக்கை, வாகன நெரிசலில நிண்ட இடத்தில சொல்லிப்போட்டன். ஒரு ஓர்கெஸ்ட்ரா இருக்கு, நான் விண்ணப்பிச்சிருக்கிறன் எண்டு.

"எப்ப முடிவுத் திகதி?"

"நேற்று."

என்னைத் திரும்பிப் பாத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். ஏசேல்லை. "சிபாரிசுக்கு ஆரின்ர பேர் குடுத்தனீங்கள்?" எண்டு கேட்டார். பழைய யூனிவர்சிட்டி விரிவுரையாளர் எண்டன். "என்ர பேரையும் அனுப்புங்கோ," எண்டு மட்டும் சொன்னார். விமான நிலையத்தில இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளுக்குப் போனார். நான் அனுப்பினன். ஓம், அந்த அளவுக்கு எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

வேலை கிடைச்சுது. கையெழுத்து வைக்கப் போன அண்டைக்கு கமிட்டித் தலைவி எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தா. "உங்கட ஒப்பெராத் தலைவரின்ர கடிதத்தை வாசிச்ச பிறகு நாங்கள் வேற ஒருத்தரையும் கூப்பிடேல்லை," எண்டா. பிறகு ஏதோ ஞாபகம் வந்தமாதிரிச் சிரிச்சா. "போனிலயும் கதைச்சனான். மகளோட இருக்க வந்து வேலை தேடுறாராம். அவர் இங்க வந்தது முதலே தெரிஞ்சிருந்தால் அவருக்காக நாங்கள் திகதியைத் தள்ளிப்போட்டிருப்பம். ஏன் விண்ணப்பிக்கேல்லை எண்டு கேட்டன். அறிவித்தலை முடிவுத் திகதிக்கு முதலே பாத்தவராம், தனக்கு விருப்பமில்லையாம்."

நான் பேனையை எடுத்துக் கையெழுத்து வச்சன்.