மூன்றாம் முறை கூப்பிட்ட பெயர்

செய்திக்குறிப்பு எழுத நான் வைத்திருக்கும் விதிகள் கொஞ்சம்தான். தலைப்பை ஒரே மூச்சில் படிக்க முடிய வேண்டும். முதல் வரியில் கோரிக்கை வரக்கூடாது, ஒரு ஆள் வர வேண்டும். படம் எடுக்க என்ன கிடைக்கும் என்று சொல்லிவிட வேண்டும். பொறியியல் படித்த புத்தி, எதையும் வரிசை போட்டால்தான் ஓடும்.

எங்கள் தீவின் மீனவர் சங்கத்துக்காக முதலில் எழுதிய குறிப்பில் இவை எதுவும் இல்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மேடாகிவிட்டது, படகுகள் தட்டுகின்றன, தூர்வார வேண்டும். எல்லாம் உண்மை. பத்திரிகைக்காரர் ஒருவரும் வரவில்லை. ஐப்பசியில் அங்கே ஒரு படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

இரண்டாவது குறிப்பை அவரிடமிருந்து தொடங்கினேன்.

ஏரியில் இன்று யார் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பெயர் கூப்பிடுவதற்கு எங்களிடம் பாடு என்று பெயர். கூப்பிடுவது ஊர்த் தலைவரான என் அப்பா; எங்களுக்கு நைனா. மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் காணாமல் போனவரை நைனா ஒரே ஒரு முறைதான் கூப்பிடுவார். கொஞ்சம் நிற்பார். அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவருடைய இடத்தில் யாரும் வலை இறக்குவதில்லை. பெயர் இருக்கும்வரை அவரும் இருக்கிறார் என்பது அவர் மனைவியின் நம்பிக்கை.

'கூப்பிடுகிறார்கள், ஏரி பதில் சொல்லவில்லை' என்று தலைப்பிட்டு, அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லா கீது. செத்துட்டாருன்னு மட்டும் எங்கியும் எழுதாத" என்றார்.

தொலைக்காட்சியிலிருந்து வந்துவிட்டார்கள். அன்று காலை பனி இறங்கி, கரையோரப் படகுகள்கூடப் பாதிதான் தெரிந்தன. நைனா பெயரைக் கூப்பிட்டார். பேச்சு நின்றது. படகின் அடியில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும்.

"ஐயா, சவுண்டு சரியா விழல. இன்னொரு தபா கூப்பிடுங்க" என்றார் நிருபர்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார். இரண்டு.

"சூப்பர். இப்போ அந்தப் பக்கம் நின்னு, ஏரிய பார்த்து இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஒருவரும் அசையவில்லை.

"போதும் சார்" என்றேன்.

"இன்னா மேடம், இந்த ஷாட் இல்லாம நியூஸே இல்லியே. ஆபீஸ்ல போடமாட்டாங்க."

"அதுக்காவ அவன் பேர எடுக்க சொல்றியா?" என்று படகுப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். "பேர விட்டா மணல் போவும், மணல விட்டா பேர் நிக்கும். இன்னா நாயம்டா இது!"

பாடு கூப்பிடும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை; நிருபரோடு வந்ததால் என்னை விட்டிருந்தார்கள், அக்கா வலைக்குவியலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அங்கிருந்தே பேசினார்.

"கூப்டு மாமா. மணல் போவட்டும். பசங்க கடலுக்குப் போவணும்ல."

நைனா ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்று கூப்பிட்டார்.

"ஆங்... கீறேன்."

இழுத்து, கொஞ்சம் அலுத்துக்கொண்டு, காணாமல் போனவர் எப்போதும் சொல்வதுபோலவே வந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நானும்தான். பனிக்குள் ஒன்றும் இல்லை. திரும்பியபோது அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

"பதில் வந்துட்ச்சி. எடம் அவனுது" என்றார் நைனா. அடுத்த பெயருக்குப் போனார்.

செய்தி ஒளிபரப்பானது. அந்த வாரமே அதிகாரிகள் வந்து முகத்துவாரத்தை அளந்தார்கள். ஆனால் நிருபர் முதல் அழைப்பையும் அதற்குப் பின் வந்த அமைதியையும் மட்டுமே வைத்திருந்தார். 'கூப்பிட்ட பெயருக்குக் கடைசிவரை பதில் இல்லை' என்று பின்குரல் சொன்னது.

அக்கா அதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "அவரு இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டான். மாத்தி எழுது."

அன்றே திருத்தக் குறிப்பு அனுப்பினேன். என் விதிகள் எதுவும் அதில் இல்லை. தலைப்பில்லை, படமில்லை. ஒரே வரி: மூன்றாம் முறை கூப்பிட்டபோது பதில் வந்தது.

யாரும் அதை வெளியிடவில்லை. நைனா இப்போதும் அவரை ஒரு முறை கூப்பிடுகிறார். நிற்கும் நேரம்தான் முன்பைவிட அதிகமாகிவிட்டது.